கைமாத்து

ஜூன் 8, ஞாயிறு

நாளைக்கு யாராவது இரும்புத் தும்பியின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால் ஆதாரம் வேண்டும் என்பதற்காக இந்தக் குறிப்பேட்டைத் தொடங்குகிறேன்.

இரும்புத் தும்பி கோயம்புத்தூரின் முதல் தமிழ் ராக் குழு. இதை மறுப்பவர்கள் உண்டு; அவர்களுக்குத் தேதிகள் தெரியாது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் நான் தொடங்கினேன். கிட்டார், குரல், பாடல்கள் எல்லாம் நான். பொறியியல் கல்லூரியில் இயற்பியல் சொல்லித்தருவது வயிற்றுக்காக. கீபோர்டு சிவராசு, என் பழைய மாணவன். நான்கு வருடம் மெக்கானிக்கல் படித்துவிட்டு இப்போது பீளமேட்டில் பேக்கரி நடத்துகிறான். அதன் மாடியில்தான் எங்கள் ஒத்திகை. பேஸ் கிட்டார் மேகலை, பல் மருத்துவர். டிரம்ஸ் யூஜின், போத்தனூர் ரயில்வேயில் எலெக்ட்ரீஷியன். யூஜினுக்கு நாற்பத்தாறு, எனக்கு முப்பத்தொன்பது. வயதில் மூத்தவன்தான், ஆனால் இசையில் வயது பார்ப்பதில்லை என்பது என் கொள்கை. மூவரும் என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் கேட்டதில்லை.

எங்கள் முதல் ஆல்பம் நான்கு வருடமாக முடியும் தறுவாயில் இருக்கிறது. பாட்டெல்லாம் பதிந்தாகிவிட்டது. சின்னச் சின்னத் தொழில்நுட்ப வேலைகள் பாக்கி. அதைச் சென்னையில் ஃபைசல் என்ற ஒலிப்பதிவாளரிடம் கொடுத்திருக்கிறேன். குழுவில் மற்றவர்களுக்கு இந்த விவரங்கள் அலுப்பூட்டும் என்பதால் சொல்லவில்லை.

இன்று ஒத்திகையில் ஒரு விஷயம் நடந்தது. பதினோரு வருடத்தில் ஒரு யோசனையும் சொல்லாத யூஜின் யோசனை சொன்னான். ஆல்பம் வரும்வரை சும்மா இருப்பதற்குப் பதில் விளையாட்டாக இன்னொரு குழு ஆரம்பிக்கலாமாம். அதில் அவரவர் வாத்தியத்தை அவரவர் தொடக்கூடாது. தெரியாத ஒன்றைத்தான் வாசிக்க வேண்டும்.

"நீங்க டிரம்ஸ் எடுத்துக்கங்க சார்" என்றான்.

தன் வாத்தியத்தையே எனக்கு விட்டுக்கொடுக்கிறான். என் மேல் அவனுக்குள்ள மரியாதை அப்படி.

ஜூன் 9, திங்கள்

வீட்டுத் தண்ணீர் மோட்டார் புகைந்துவிட்டது. நாள் முழுவதும் அதற்கே போயிற்று. குழுவுக்குச் சிவராசு பெயர் அனுப்பியிருந்தான்: கைமாத்து. அவசரத்துக்கு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்கிக்கொள்வது போல வாத்தியங்களை மாற்றிக்கொள்கிறோமாம். நான் 'தலைகீழ் விண்மீன்' என்று அனுப்பினேன். மூவரும் பார்த்ததாக நீலக்குறி விழுந்தது. பெயர் கைமாத்து என்று முடிவாயிற்று.

ஜூன் 15, ஞாயிறு

முதல் ஒத்திகை. சிவராசு பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு, நாலு கம்பிதானே சார், மைதா பிசைகிற கைக்கு இது எம்மாத்திரம் என்றான். மேகலைக்கு டிரம்பெட். கல்யாண பேண்டில் வாசித்து ஓய்ந்த ஒருவரிடம் வாங்கி வந்திருந்தாள். முதல் ஊதலில் எருமைக்கன்று கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. கீழே பன் வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்களாம்.

கிட்டாரும் குரலும் யூஜினுக்கு. அவன் பாடி நான் கேட்டதே இல்லை. சளி பிடித்த தொண்டை. கரகரவென்று, யாரோ அடுத்த அறையில் பேசுவது போல இருக்கிறது. கிட்டாரில் அவனுக்கு மூன்று 'கார்டு'கள், அதாவது சுரக்கூட்டுகள், மட்டும்தான் தெரியும். பாடுவதில் உள்ள நுட்பங்களைப் பற்றி அவனுக்கு இருபது நிமிடம் எடுத்துச் சொன்னேன். நன்றி சொன்னான். மாற்றமில்லாமல் அப்படியே பாடினான்.

நான் டிரம்ஸில் உட்கார்ந்தேன். மற்ற மூவருக்கும் கையில் இருப்பது அன்னிய வாத்தியம். எனக்கு அப்படியில்லை. தாளம் என்பது உள்ளே இருப்பது. இறங்கி வரும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதிர்ந்துபோயிருக்கிறார்கள்.

ஜூன் 18, புதன்

வீட்டு மாடியில் பழகுவதற்காக ரப்பர் தட்டு ஒன்று வாங்கி வைத்து அடித்தேன். மனைவி ரேணுகா பள்ளியில் கணக்கு ஆசிரியை. விடைத்தாள் திருத்திக்கொண்டே பத்து நிமிடம் கேட்டாள். பிறகு, "போகப் போக ஓடறீங்க" என்றாள்.

உற்சாகம் அது, என்றேன்.

"கிட்டார்லயும் அப்படித்தான். பதினோரு வருஷமா ஒவ்வொரு பாட்டும் ஆரம்பிச்ச வேகத்துல முடிஞ்சதில்ல."

கணக்கு ஆசிரியைகளுக்கு இசை எண்ணிக்கையாக மட்டுமே கேட்கிறது. பாவம்.

ஜூன் 29, ஞாயிறு

கேஸ் சிலிண்டர் வந்தது. ஒத்திகைக்கு அரை மணி தாமதம்.

யூஜின் ஒரு பாட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தான். நம்பவில்லை. பழைய ரயில்வே தாளின் பின்பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்தது.

சுவரு கோணல், சார் சரி பண்றார்
கதவு கோணல், சார் சரி பண்றார்
நாலு வருசமா வீடு கட்டி
நாளைக்குத்தான் குடி போறார்
அளவுகோலே கோணலுங்க
அதை யாரு சரி பண்றார்?

கட்டட மேஸ்திரி யாரோ அவனை ஏமாற்றியிருக்கிறார் போல. எளிமையான பாட்டு, நாட்டுப்புறச் சாயல். திருத்தம் ஒன்று சொன்னேன்: ஒரு வீட்டை நாலு வருடம் கட்டுவார் என்றால் கேட்பவர்கள் நம்பமாட்டார்கள், இரண்டு என்று மாற்று. மேகலை டிரம்பெட்டைக் கீழே வைத்துவிட்டு டீ சொல்லப் போனாள். சிவராசு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான், தோள் குலுங்கியது. மைதா தூசி அவனுக்கு ஆவதில்லை.

"நாலே இருக்கட்டுங்க சார்" என்றான் யூஜின்.

சின்ன விஷயம். விட்டுக்கொடுத்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

மேகலை இப்போது டிரம்பெட்டில் ஒரு முழு வரி வாசிக்கிறாள். மூன்றே வாரம். நோயாளிகளின் வாயைப் பார்த்துப் பார்த்து உதடு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டது என்கிறாள். சிவராசும் பரவாயில்லை. நான் தேர்வுத்தாள் வேலையால் பழக நேரமில்லாமல் இருக்கிறேன், இல்லாவிட்டால் கதையே வேறு.

ஜூலை 14, திங்கள்

ஃபைசல் பேசினான். ஆல்பத்தில் நான் சொல்லியிருந்த தொழில்நுட்ப வேலை இதுதான்: யூஜினின் டிரம்ஸை முழுவதும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் மெஷினின் தாளத்தை வைப்பது. மூன்று தடவை யூஜினைத் திரும்ப வாசிக்க வைத்தும் எனக்குத் திருப்தி வரவில்லை. எங்கோ ஆடுகிறது. இது யார் மனதையும் புண்படுத்தாத வழி. வந்த பிறகு யாருக்கும் வித்தியாசம் தெரியாது. யூஜினுக்கும்.

ஃபைசல் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை எழுதுகிறேன், பின்னால் பயன்படும்.

"சார், டிரம்ஸ எடுத்துட்டு மெஷின் வெச்சுப் பாத்தேன். உங்க கிட்டார் தனியா அம்போன்னு நிக்குது. நீங்க எங்கெல்லாம் ஓடறீங்களோ அங்கெல்லாம் அவர் ஓடி வந்து பிடிச்சிருக்கார். நீங்க தடுமாறுற எடத்துல ஒரு ரோல் போட்டு மூடியிருக்கார். அவர் சரியா இருக்கார் சார். நான் எதை மாத்தணும்?"

சென்னையில் ஈரப்பதம் அதிகம். காதைப் பாதிக்கும் என்று படித்திருக்கிறேன்.

ஜூலை 15, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 20, ஞாயிறு

ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு காபிக் கடையின் மொட்டைமாடியில் ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி மாலை வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். கைமாத்தை. சிவராசு ஒத்திகையில் எடுத்த ஒரு நிமிட வீடியோவைப் போட்டிருந்தானாம், எட்டாயிரம் பேர் பார்த்தார்களாம். இரும்புத் தும்பியின் இணையப் பக்கத்தில் நான் போட்ட பதினான்கு நிமிட இசைக் கட்டுரையை நாற்பத்தொரு பேர் பார்த்திருக்கிறார்கள். தரமானது மெதுவாகத்தான் பரவும்.

கைமாத்துக்கு முன்னால் இரும்புத் தும்பி அரை மணி நேரம் வாசிக்கலாம் என்று கடைக்காரருக்கு எழுதினேன். இடம் சின்னது சார் என்று பதில் வந்தது. இரண்டு குழுவுக்கும் அதே நான்கு பேர்தான் என்று விளக்கினேன். அதற்குப் பதில் வரவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஒத்திகை. பெடலை மிதித்தால் வலது கெண்டைக்கால் இழுக்கிறது. மூன்றாவது பாட்டில் நிறுத்தச் சொன்னாள் மேகலை.

"சார், நீங்க எங்களுக்கு முன்னாடி போய் நிக்கிறீங்க. நாங்க வர்றதுக்குள்ள அடுத்த வரிக்குப் போயிடறீங்க."

டிரம்ஸ்தான் தலைமை, மற்றவர்கள் பின்தொடர வேண்டும் என்றேன். யூஜினைப் பார்த்தேன், அவன் ஒத்துக்கொள்வான் என்று. அவன் கிட்டாரின் திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"தலைமை எல்லாம் இல்லீங்க சார். பின்னாடி உக்காந்துட்டு எல்லாரையும் கேக்கறதுதான் வேலை" என்றான்.

பின்னால் உட்கார்ந்து பார்ப்பது எனக்குப் புதிது. பதினோரு வருடம் முன்னால் நின்றவனுக்கு மற்றவர்களின் முதுகு தெரிந்ததில்லை. சிவராசுக்கு வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மேகலை ஒவ்வொரு ஊதலுக்கும் முன் குதிகாலைத் தூக்குகிறாள். இதைக் குறித்து வைக்க எந்தக் காரணமும் இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

நிகழ்ச்சி முடிந்து வந்து எழுதுகிறேன். நூற்றிருபது பேர் இருப்பார்கள். ரேணுகா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஆறு பாட்டு. ஆறும் யூஜினுடையது அல்லது மேகலையுடையது.

கடைசியாக மேஸ்திரிப் பாட்டு. இரண்டாவது தடவை பல்லவி வந்தபோதே கூட்டம் சேர்ந்து பாட ஆரம்பித்தது. "அளவுகோலே கோணலுங்க" என்று நூறு பேர் சிரித்துக்கொண்டே கத்தினார்கள். நான் உற்சாகத்தில் வேகம் கொடுத்தேன். அப்போது யூஜின், திரும்பிப் பார்க்காமலே, பாடிக்கொண்டே, வலது செருப்பால் மேடையை ஓங்கி ஓங்கி மிதித்தான். ஒரு சுற்றுக்கு நான்கு மிதி. சிவராசும் மேகலையும் அந்த மிதிக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் தனியாக முன்னால் ஓடிக்கொண்டிருந்தேன். நின்றேன், பிடித்தேன், மறுபடி ஓடினேன். அந்தச் செருப்புச் சத்தம் எனக்காக என்று புரிய ஒரு சரணம் ஆயிற்று.

கைதட்டல் நிறைய. இறங்கும்போது ஒரு பெண் யூஜினிடம் வந்து, இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டாள்.

"இங்கதானுங்க. பின்னாடி" என்றான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இணைய இதழ் ஒன்றில் விமர்சனம் வந்திருக்கிறது. யூஜினின் குரலுக்கு ஒரு பத்தி, டிரம்பெட்டுக்கு ஒரு பத்தி. என்னைப் பற்றி ஒரு வரி: 'தெரியாத வாத்தியத்தைத்தான் வாசிப்பது என்ற குழுவின் கொள்கைக்குக் கடைசிவரை உண்மையாக இருந்தவர் டிரம்மர் ஒருவரே.'

கொள்கைப் பிடிப்பை ஒருவராவது கவனித்தார். துறைத்தலைவரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டு, நல்லது குலசேகர் என்றார். முதுகில் தட்டினார். அவர் யார் முதுகிலும் தட்டியதில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

காலையில் சமையலறையில் ரேணுகாவிடம் விமர்சனத்தைப் படித்துக் காட்டினேன். அவள் கேட்டாள்:

"அந்தக் கடைசிப் பாட்டு யாரப் பத்தின்னு நெஜமாவே உங்களுக்குத் தெரியாதா?"

கட்டட மேஸ்திரி என்றேன்.

அவள் குக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று விசில் வந்தது. அடுப்பை அணைத்தாள்.

"நாலு வருஷமா எத முடிக்காம வெச்சிருக்கீங்க?"

கல்லூரிக்குப் போனேன். ஆய்வகத்தில் ஊசல் பரிசோதனை. முதலாண்டுப் பிள்ளைகள் ஊசலை ஆட்டிவிட்டு நேரத்தை அளந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் அளந்தது ஒவ்வொரு தடவையும் குறைவாக வந்தது. ஸ்டாப்வாட்சை முன்னாடியே அமுக்குகிறாய் என்று அவனைத் திட்டினேன். பிறகு அளவுக்கு மீறித் திட்டிவிட்டேன் என்று தோன்றியது.

ஆகஸ்ட் 14, வியாழன்

சிவராசு அனுப்பிய நிகழ்ச்சி வீடியோவை முழுவதும் பார்த்தேன். பிறகு நான்கு வருடத்துக்கு முந்தைய எங்கள் பதிவுகளை எடுத்து, கிட்டாரைக் கேட்காமல் டிரம்ஸை மட்டும் கேட்டேன். எல்லாப் பாட்டையும். ஒன்பது பாட்டு.

ஃபைசலின் காதில் கோளாறு இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

போத்தனூர் போனேன். பதினோரு வருடத்தில் யூஜின் வீட்டுக்குப் போவது இது முதல் தடவை. ரயில்வே குடியிருப்பு, மாதா படம் வைத்த சின்ன முன்னறை. காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து கூடத்து மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவன் மனைவி டீ கொடுத்துவிட்டு, நீங்கதான் சாரா என்று கேட்டு, கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ஸ்டூல் ஆடியது, பிடித்துக்கொள்ளச் சொன்னான். பிடித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தேன். மேலே பார்த்துப் பேச வேண்டியிருந்தது நல்லதாய்ப் போயிற்று, அவன் முகம் தெரியவில்லை. ஃபைசலிடம் நான் கொடுத்த வேலை என்ன என்று சொன்னேன். ஒலிப்பதிவின் சில நுணுக்கங்களை முதலில் விளக்கிவிட்டுத்தான் சொல்ல நினைத்திருந்தேன். அந்தப் பகுதி எனக்கு மறந்துவிட்டது.

அவன் ஒரு திருகாணியைக் கழற்றி என்னிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டேன்.

"தெரியுங்க சார். மே மாசமே ஃபைசல் தம்பி போன் பண்ணுச்சு. உங்க டிரம்ஸ மாத்தறோம், தாளக் குறிப்பு இருந்தா அனுப்புங்கண்ணான்னு. எனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சுருச்சு."

மே மாதம். அவன் அந்த யோசனையைச் சொன்னது ஜூனில்.

ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா நீங்க விளக்குவீங்க சார்."

யூஜின் கீழே இறங்கினார். இறக்கைகளைத் தரையில் வரிசையாக வைத்து ஈரத்துணியால் துடைத்தார். நானும் ஒன்றை எடுத்துத் துடைத்தேன்.

"கோவம் வந்துச்சுங்க. மூணு வாரம் தூக்கமில்ல. டிரம்ஸ வித்துட்டு இதெல்லாம் வேண்டாம்னு இருந்தேன். அப்புறம் ஒரு நாள் நீங்க அந்த ஸ்டூல்ல உக்காந்து பாக்கணும்னு தோணுச்சு. பாட்டெழுதோணும்னெல்லாம் நெனைக்கல. அது தானா வந்துருச்சு."

டிரம்ஸை அப்படியே வைத்துவிட்டு என் கிட்டாரை மறுபடி வாசிக்கிறேன், ஆல்பத்தை முடித்துவிடலாம் என்றேன். அவர் துணியைப் பிழிந்தார்.

"கேக்க நல்லாருந்தா செய்ங்க. எனக்காக வேண்டாம். நான் இரும்புத் தும்பிக்கு இனி வரலீங்க சார். நின்னு பாடறது நல்லாருக்கு."

கைமாத்து என்ன ஆகும் என்று கேட்டேன். கேட்ட குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அது நாலு பேரோடது. நீங்க வர்றதுன்னா வாங்க. ஆனா கேட்டு வாசிக்கோணும்."

மின்விசிறியை மாட்டும்போது மறுபடியும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். ஓடியது. முன்பைவிடச் சத்தம் குறைவு.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இரும்புத் தும்பி கலைக்கப்படுகிறது என்று மூவருக்கும் செய்தி அனுப்பினேன். நன்றி, நினைவுகள், வருங்காலம் என்று நான்கு பத்தி எழுதியிருந்தேன். அனுப்பும் முன் மூன்று பத்தியை அழித்தேன். ஒரு நிமிடத்துக்குள் பதில்கள் வந்தன. மூன்று பேரும் கட்டைவிரல் படம்.

பதினோரு வருடத்துக்கு மூன்று கட்டைவிரல். மேகலை மட்டும் பிறகு, ஞாயிறு நாலு மணிக்கு ஒத்திகை சார், லேட் பண்ணாதீங்க என்று எழுதியிருந்தாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சரியாக நாலு மணிக்குப் போனேன். வாசித்ததைப் பற்றி எழுதும்படி ஒன்றுமில்லை. திட்டு வாங்கினேன், நியாயமாக.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

தண்ணீர்த் தொட்டி கழுவும் நாள். முடித்துவிட்டு நேரே ஒத்திகைக்குப் போனேன், சட்டை ஈரமாகவே இருந்தது.

கொச்சியில் நவம்பரில் ஒரு விழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். யூஜின் புதுப் பாட்டு ஒன்று கொண்டுவந்தார். பெரியது, மெதுவானது, ஏழு நிமிடம். குடோன் வாசலில் காத்து நிற்கும் சரக்கு ரயிலைப் பற்றி. நான் யாரைப் பற்றி என்று கேட்கவில்லை.

எனக்கு அதில் வேலை மிகக் குறைவு. ஒவ்வொரு வரி முடிவிலும் பெரிய டிரம்மில் ஒரே ஒரு அடி. இடையில் சிம்பலைத் தொடக்கூடாது, குச்சியைச் சுழற்றக்கூடாது, கையைத் தொடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்கள் பாட்டை முடிக்கும்வரை நான்கு தடவை கை தானாகவே எழுந்தது. நான்கு தடவையும் உட்கார வைத்தேன். உலகத்தில் இவ்வளவு நீளமான பாட்டு இருக்க முடியாது. சிவராசின் தோள் இறங்குவதைப் பார்த்தேன். மேகலையின் குதிகால் எழுவதைப் பார்த்தேன். அது எழுந்தால் வரி முடியப்போகிறது என்று பாதிப் பாட்டில்தான் பிடிபட்டது. அதன் பிறகு எனக்கு எண்ண வேண்டியிருக்கவில்லை. இருந்தும் எண்ணினேன். மொத்தம் நாற்பத்தொரு அடி.

முடிந்ததும் யூஜின் முதல் தடவையாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"முப்பத்தெட்டு சரியா விழுந்துச்சு சார்" என்றார்.

சரியாக விழுந்தவை என்று நான் எண்ணிய கணக்கு வேறாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சிவராசு கீழே டீ சொல்லப் போயிருந்தான், மேகலை டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள், யாரும் கேட்கப்போவதில்லை.

"முப்பத்தஞ்சுதான் யூஜின்" என்றேன்.

"தெரியுங்க சார்" என்றார்.